சொல்லிவிட்டுப் போவது

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி சிட்டுவும் நலம்தானே? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இருவரும் "சாப்பிட்டாச்சா", "சாப்பிட்டாச்சு", "சரி வெச்சிடறேன்" என்று மூன்றே ஸ்டாப்பில் டெப்போவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். நான் படிக்கச் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. மழலையர் ஆசிரியர் பயிற்சி, ஆறு மாதம். பாதி வகுப்பறையில், பாதி ஒரு மழலையர் பள்ளியில். கடைசியில் எழுத்துத் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வு ஒன்று. வகுப்பில் முப்பத்தொரு பெண்கள், அப்புறம் நான். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து, "வாங்க, அந்த ஓரத்து ஃபேன்தான் சுத்தல" என்றாள். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினாள். அதற்குள் ஏறிப் பார்த்துவிட்டேன், ரெகுலேட்டரில்தான் கோளாறு.

ஏன் என்று கேட்பாய். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு எதற்கு இந்த வேலை என்று உன் அத்தையும் கேட்டுவிட்டாள். அவளிடம் பொழுது போகவில்லை என்றேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். ஜனவரியில் நான் அங்கே வந்திருந்தபோது உனக்குப் பல்வலி. ஒரு மணி நேர வேலை. நான் கூடத்தில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். நீ சிட்டுவைத் தூக்கிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டரிடம் போனாய். "நான் பாத்துக்கறேனே" என்றேன். "பரவால்லப்பா" என்றாய். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் உன் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பரில் நீ மறுபடி வேலைக்குப் போகிறாய். முறையாகப் படித்து, பாஸ் பண்ணி, சான்றிதழோடு வந்தால் அப்போதாவது அவளை என்னிடம் விடுவாயா? வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். பதில் போடு.

அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை அவர் வாங்கிப் படித்துவிட்டு, "மாமா நெஜமாவே சேந்துட்டாரா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. என்ன வந்தது என்றே புரியவில்லை.

அப்பா, பல் டாக்டர் விஷயத்தை இப்படி மனதில் போட்டு வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று நான் எதையும் யோசிக்கவில்லை. கை தானாக அவளைத் தூக்கிவிட்டது. நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நான் என்றைக்காவது சொன்னேனா? சொன்னதில்லை. அப்படியென்றால் ஏன் விடவில்லை என்று கேட்டால், அதற்கும் பதில் இல்லை. சான்றிதழ் வாங்கி வந்தால் சரியாகிவிடுகிற காரியம் மாதிரியும் தோன்றவில்லை. ரேஷன் கார்டா, காட்டினதும் கொடுக்க?

சிட்டுவுக்கு இங்கே பக்கத்துத் தெருவில் ஒரு காப்பகம் பார்த்து வைத்திருக்கிறோம். செப்டம்பர் பதினொன்றாம் தேதி நான் வேலையில் சேரவேண்டும். இரண்டரை வயதில் அவள் அங்கே எப்படி இருப்பாளோ என்று இப்போதே இரண்டு தடவை அந்த வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

நீங்கள் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்காக என்று சொல்லாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. முழங்கால் தைலத்தை நிறுத்திவிட்டீர்களா?

உங்கள் மகள்

ஜூன் 8

அன்பு மகளுக்கு,

எழுத்துத் தேர்வில் பாஸ். நூற்றுக்கு எழுபத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் இந்த எண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை. தைலத்தை நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. நேரடிப் பயிற்சி ஆரம்பித்துவிட்டது, நாள் முழுவதும் தரையிலும் முழங்கால் உயர நாற்காலியிலும்தான் உத்தியோகம். எழுந்திருக்கும்போது நான் விடும் சத்தத்தைக் கேட்டுப் பன்னிரண்டு பிள்ளைகளும் "ஆ...ஊ..." என்று கோரஸ் பாடுகிறார்கள்.

அம்மாடி, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருஷம் ரோட்டில் எதிரே எது வந்தாலும் புரிந்தது. இங்கே எல்லாம் தலைகீழ். ஒரு பிள்ளையை அரை மணி நேரம் பார்த்து எழுதச் சொன்னார்கள். "சந்தோஷமாக விளையாடினான்" என்று எழுதினேன். பயிற்சி ஆசிரியை அடியில் சிவப்புக் கோடு போட்டு, "சந்தோஷத்தை எங்க பாத்தீங்க? பாத்ததை மட்டும் எழுதுங்க" என்றார். இப்போது "வாளியைக் கவிழ்த்தான். மறுபடி கவிழ்த்தான். பல் தெரிந்தது" என்று எழுதுகிறேன். பஸ்ஸில் டிரிப் ஷீட் எழுதுகிற மாதிரி இருக்கிறது. கீழே விழுந்த பிள்ளையிடம் "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லக்கூடாதாம். வலிப்பது அவனுக்கு, ஒன்றும் இல்லை என்று சொல்ல நாம் யார் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் வாய் கேட்கமாட்டேன் என்கிறது. குழந்தைகளுக்குத் துணி மாற்றும்போது கதவு திறந்தே இருக்கவேண்டும், இது எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் நான் மாற்றும்போது மட்டும் யாராவது ஒருத்தி எதையோ தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறாள். தப்பாக எடுத்துக்கொள்வதா, வேண்டாமா என்று தெரியவில்லை.

எனக்கென்று ஒரு பிள்ளையை ஒப்படைத்திருக்கிறார்கள். இரண்டே முக்கால் வயது. யாரோடும் ஒட்டமாட்டான். வந்ததும் என் சட்டையின் மூன்றாவது பட்டனைப் பிடித்துக்கொள்வான், பகல் பத்து மணிக்குத்தான் விடுவான். அதனால் அவனுக்கு நான் வைத்த பெயர் பட்டன். அவன் அம்மா மாசமாக இருக்கிறாள். காலையில் அவனை விட்டதும் அவன் பார்க்காத நேரமாகப் பார்த்து நழுவிவிடுவாள். அது கூடவே கூடாதாம். "போயிட்டு வரேன்னு சொல்லணும். அவன் அழட்டும். அழுதா நம்ம மடில அழட்டும். சொல்லாம போனா அடுத்த தடவை முதுகைத் திருப்பவே பயப்படுவான்" என்றார் பயிற்சி ஆசிரியை. அந்த அம்மாவுக்கு இதைப் பழக்குவதும் என் பயிற்சியில் ஒரு பாகம். ஜூலை கடைசியில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்து பார்ப்பாராம்.

மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

அப்பா

ஜூன் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுபத்தெட்டுக்கு வாழ்த்துகள். அவர் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு குறை உண்டு. நான்கு பக்கக் கடிதத்தில் பட்டன் வந்தான், வாளி கவிழ்த்தவன் வந்தான். சிட்டுவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். செருப்பை இடது வலது மாற்றிப் போட்டுக்கொள்கிறாள், சரி செய்தால் கழற்றி எறிகிறாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவள் அப்பா கூப்பிடுகிற மாதிரியே.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். எழுதிக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று உங்களுக்கு இத்தனை வயதுக்கு மேல் ஒரு பயிற்சி ஆசிரியை வந்து சொல்லித் தரவேண்டியிருந்ததா?

எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை. ஆனால் இதற்குப் பதில் எழுதவேண்டாம். தேர்வு நேரம், நன்றாகச் செய்யுங்கள்.

உங்கள் மகள்

ஜூலை 30

அன்பு மகளுக்கு,

நீ பதில் எழுதவேண்டாம் என்றாய். ஒரு மாதம் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

செய்முறைத் தேர்வில் ஃபெயில். பத்து இனங்களில் ஒன்பதில் நல்ல மதிப்பெண்கள். ஒன்றில் பூஜ்யம், அந்த ஒன்று பாஸாகாமல் சான்றிதழ் கிடையாது. எந்த இனம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

நடந்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன், அதற்குத்தானே பயிற்சி கொடுத்தார்கள். காலை எட்டு ஐம்பதுக்குப் பட்டனும் அவன் அம்மாவும் வந்தார்கள். மேற்பார்வையாளர் மூலையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் காகிதம். பட்டன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவன் அம்மா குனிய முடியாமல் குனிந்து, "அம்மா போயிட்டு..." என்று ஆரம்பித்தாள். மூன்று வாரம் நாங்கள் இருவரும் பழகின வசனம். பாதியில் நிறுத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர். என்னையே பார்க்கிறாள். அவ்வளவுதான், என் கை பட்டன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியது. "அங்க பாரு, லாரி போகுது!" என்றேன். லாரி எதுவும் போகவில்லை. அவளைப் பார்த்து, போய்விடு என்று கண்ணைக் காட்டினேன். போய்விட்டாள். பட்டன் கொஞ்ச நேரம் லாரியைத் தேடினான். பிறகு கதவைப் பார்த்தான். அழவில்லை. என் சட்டைப் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டான். அன்று முழுக்க அவன் என்னிடம் வரவில்லை.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. "எழுத்துத் தேர்வுல இதே கேள்விக்கு முழு மார்க் வாங்கியிருக்கீங்களே?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மா தவறிப்போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. உனக்கு நாலு வயது. நீண்ட தூர வண்டி, இரண்டு நாள் போனால் ஒரு நாள் வீடு. உன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அவள் தையல் மெஷினுக்கு முன்னால் உன்னை உட்கார வைத்தேன். "இந்தச் சக்கரத்தைச் சுத்து பாப்போம்" என்றேன். நீ சுற்ற ஆரம்பித்தாய். நான் வெளியே வந்துவிட்டேன். ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாய், அழுவாய், என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். உனக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு வருஷம் நீ அங்கேயே வளர்ந்தாய். மாதாமாதம் வந்தேன், ஒவ்வொரு தடவையும் நீ பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பினேன். நீ இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

மறு தேர்வுக்கு செப்டம்பர் பதினான்காம் தேதி கொடுத்திருக்கிறார்கள். எழுதுவதா விடுவதா என்று குழப்பமாக இருக்கிறது. சான்றிதழைக் காட்டி உன்னிடம் பேத்தியைக் கேட்கலாம் என்று கிளம்பினவன் நான். எதைக் காட்டி எதைக் கேட்கிறேன் என்றே இப்போது தெரியவில்லை.

அப்பா

ஆகஸ்ட் 12

அப்பா,

ஞாபகம் இருக்கிறது.

அத்தை தையற்காரி என்பதை மறந்துவிட்டீர்களா? மெஷினுக்கு நேர் எதிரே ஆள் உயரக் கண்ணாடி, தைத்த துணியைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்காக. நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கண்ணாடியில் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டீர்கள், சத்தம் வராமலிருக்க. பின்பக்கமாகவே நடந்து வாசல் வரைக்கும் போனீர்கள். ஒரு தடவை நிலையில் முட்டிக்கொண்டீர்கள்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அந்த வயதிலேயே எப்படியோ தெரிந்திருந்தது. அதனால் சுற்றிக்கொண்டே இருந்தேன். அத்தை வந்து கையைப் பிடித்து நிறுத்தும்வரை சுற்றினேன். நூல் எல்லாம் சிக்கி, யாரோ தைக்கக் கொடுத்த ரவிக்கை வீணாகிவிட்டது. அத்தை என்னைத் திட்டவில்லை. அதிலிருந்துதான் என்னைக் கூட்டிப் போக நீங்கள் வரப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

இத்தனை வருஷமாக எனக்குப் புரியாத ஒன்று உண்டு. நான் திரும்பியிருந்தால் நீங்கள் நின்றிருப்பீர்களா? நான்தான் உங்களைப் போகவிட்டேனோ? நான் பெரியவள், எனக்கே ஒரு பிள்ளை இருக்கிறது, இது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும் அந்த நினைப்பு போகமாட்டேன் என்கிறது.

பட்டன் அழவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் நான் கடிதத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நான் உங்களிடம் சிட்டுவை ஏன் விடவில்லை என்று இப்போதுதான் எனக்கே கொஞ்சம் தெரிகிறது. நீங்கள் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கமாட்டீர்கள், கீழே போட்டுவிடுவீர்கள் என்பதெல்லாம் இல்லை. அவள் உங்களோடு ஒட்டிக்கொள்வாள். பிறகு ஒரு நாள் நீங்கள் ஊருக்குக் கிளம்புவீர்கள். அதை நான் பார்க்க வேண்டியிருக்கும். அதுதான் பயம்.

பயத்தோடேயே கேட்கிறேன். செப்டம்பர் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, நான் வேலைக்குப் போகிறேன். காப்பகத்தில் முதல் இரண்டு வாரம் அரை நாள்தான் வைத்துக்கொள்வார்களாம். மீதி நேரத்துக்கு நீங்கள் வந்து இருங்கள். தேர்வு கிடக்கட்டும், அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். நீங்கள் சான்றிதழ் எதையும் காட்டவேண்டாம். வாருங்கள்.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 24

என் அன்பு மகளே,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். நேற்று ஒரு பிள்ளை அதை உருவி எடுத்துத் தண்ணீரில் முக்கப் பார்த்தது, நான் போட்ட சத்தத்தில் தலைமை ஆசிரியை ஓடி வந்துவிட்டார்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். நீ திரும்பியிருந்தாலும் நான் போயிருப்பேன். நீ அழுதிருப்பாய், நானும் அழுதிருப்பேன், ஆனாலும் போயிருப்பேன். நீ என்னைப் போகவிடவில்லை. நான்தான் போனேன். கோழைத்தனமாகப் போனேன். நாலு வயதுப் பிள்ளை எனக்காகத் திரும்பாமல் இருந்தது என்பதை இப்போது தெரிந்துகொண்டு நான் என்ன செய்ய? தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. இனி நீ அதைத் தூக்கிக்கொண்டு அலையாதே அம்மாடி.

இரண்டாவது விஷயம். எழுதக் கை கூசுகிறது. பதினொன்றாம் தேதி என்னால் வரமுடியாது.

தேர்வுக்காக இல்லை. தேர்வு போனால் போகட்டும். பட்டன் அம்மாவுக்கு செப்டம்பர் முதல் வாரம் பிரசவம். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் அவன் அப்பா காலையில் விட்டுப் போவார், சாயங்காலம் ஆறு மணிக்கு அழைத்துப் போவார். நடுவில் அவனுக்கு இங்கே நான் ஒருவன்தான். தேர்வுக்கு மறுநாள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, "நேத்து லாரி இல்ல. அம்மா போறதை நீ பாக்கக்கூடாதுன்னு நான் பொய் சொன்னேன். அது தப்பு" என்றேன். அவன் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டான். பதினோரு நாள் கழித்துத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். போன வாரம் அவனிடம், "அம்மா பாப்பா பெத்துட்டு வர்ற வரைக்கும் தினம் காலைல நான் கதவுகிட்ட இருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். உன் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது.

இதே நான் முன்பு என்றால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று சொல்லிவிட்டுக் கடைசி நாள் எதையாவது காரணம் காட்டியிருப்பேன். மூன்று நாள் யோசித்தேன். பெற்ற மகள் முதல் தடவையாகக் கூப்பிடுகிறாள், யாரோ பெற்ற பிள்ளைக்காகப் போகாமல் இருக்கிறோமே, நமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றும் தோன்றுகிறது. சரிதான் என்றும் தோன்றுகிறது. எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே சொல்கிறேன், ஆனால் நேராகச் சொல்கிறேன். பதினொன்றாம் தேதி வரமாட்டேன். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுவேன், பதினெட்டு காலையில் உன் வாசலில் நிற்பேன். கிளம்புவதைப் பட்டனிடமும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

நீ என்ன திட்டினாலும் சரி.

அப்பா

செப்டம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மடித்து மிக்ஸிக்குப் பின்னால் சொருகிவிட்டேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. அவர் கேட்டதற்கு, "யாரோ ஒரு பிள்ளைக்கு இருக்காராம், எனக்கு இல்லயாம்" என்று கத்திவிட்டேன். சிட்டு கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

கோபம் இன்னும் இருக்கிறது, மறைக்கவில்லை. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. வரமாட்டேன் என்பதை நீங்கள் எனக்கு முன்கூட்டியே சொன்னது இதுதான் முதல் தடவை. வருத்தமாகவும் இருக்கிறது, நிம்மதியாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை. நீங்கள் படித்த படிப்பில் இதற்கு ஏதாவது எழுதியிருக்கிறதா?

நீங்கள் பதினொன்றாம் தேதி வருகிறீர்கள் என்று சிட்டுவிடம் அவசரப்பட்டு முன்பே சொல்லியிருந்தேன். தினமும் "தாத்தா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று அவளை மடியில் வைத்துக்கொண்டு, "தாத்தா அன்னைக்கு வரமாட்டார். அதுக்கு ஏழு நாள் கழிச்சு வருவார்" என்றேன். உதட்டைப் பிதுக்கினாள், பிறகு ஓவென்று அழுதாள். பிஸ்கட் டப்பாவை எடுக்கக் கை போனது. எடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை அப்பா. ஆறேழு நிமிஷம்தான். அதற்குப் பிறகு இறங்கிப் போய்ச் செருப்போடு விளையாட ஆரம்பித்துவிட்டாள்.

முதல் வாரத்துக்கு அவர் லீவு போடுகிறார். நீங்கள் அந்தப் பிள்ளையோடு இருங்கள். தேர்வையும் எழுதுங்கள்.

பதினெட்டாம் தேதி நான் எட்டே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும், அதற்குள் வந்துவிடுங்கள். அவள் உங்களிடம் இருப்பாள். நான் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். அவள் அழுவாள், நானும் அழலாம். நீங்கள் எங்கள் அழுகையை நிறுத்தப் பார்க்கவேண்டாம், அங்கேயே இருங்கள்.

உங்கள் மகள்